செம்பை வடித்தவர் யார்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணிநகரில் நம் சங்கத்தின் நெடுநாள் அங்கத்தினர் ஒருவருடைய இல்லத்துக்குச் சென்றிருந்தேன். நாற்பது ஆண்டுக் காலம் வாழ்ந்த வீட்டை விட்டு, சாபர்மதியின் மேற்குக் கரையில் புதிதாக வாங்கிய அடுக்குமாடி இல்லத்துக்குக் குடிபெயர அவர்கள் ஆயத்தமாகிக் கொண்டிருந்தார்கள். கூடத்தின் நடுவே பித்தளைப் பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. அண்டாவும் தவலையும், கங்காளமும் குடமும், ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்த அடுக்குப் பாத்திரங்களும் அங்கே இருந்தன. பழைய உலோகம் வாங்கும் வியாபாரி வாயிற்படியில் தராசுடன் காத்திருந்தார்.

அவ்வீட்டு மூத்த அம்மையார் குவியலிலிருந்து ஒரு செம்பை எடுத்து என்னிடம் நீட்டினார். "தம்பி, இது என் மாமியார் தஞ்சாவூரிலிருந்து ரயிலில் வரும்போது வழித் தண்ணீருக்காகக் கையில் கொண்டு வந்தது. நீங்கள் பொருள்களுக்கு வடிவம் அமைக்கும் தொழிலில் இருப்பவர். இதை வைத்துக்கொள்வதா, தராசில் போடுவதா? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாத்திரங்களுக்கும் வீட்டுக் கருவிகளுக்கும் படம் வரைந்து பிழைப்பவன் நான். ஆயினும் அந்த எளிய கேள்விக்கு உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. எந்தப் பொருள் காலத்தைக் கடந்து நிற்கும், எது நாலைந்து ஆண்டுகளில் நம் கண்ணுக்கே அலுத்துப்போகும் என்பதுதான் அதன் உட்பொருள். அன்று சொல்ல இயலாததை இம்மாதம் இப்பகுதியில் சிந்தித்துப் பார்க்க விரும்புகிறேன்.

இதே கேள்வியை நம் நாட்டு அரசாங்கமும் ஒரு காலத்தில் கேட்டது. நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள் கழிந்த வேளை. ஆலைகள் பெருகின; கடைகளில் புதுப் பண்டங்கள் குவிந்தன; ஆனால் அன்றாடம் புழங்கும் பொருள்களின் தரம் விரைந்து தாழ்கிறதே என்ற கவலை ஆட்சியாளருக்கு எழுந்தது. அமெரிக்காவில் வளைத்த ஒட்டுப்பலகை நாற்காலிகளால் பெரும்புகழ் பெற்றிருந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் தம்பதியரை அழைத்து ஆலோசனை கேட்டார்கள். போர்டு பவுண்டேஷன் பொருளுதவி செய்தது. தம்பதியர் இருவரும் நாட்டின் பல பகுதிகளையும் சுற்றிப் பார்த்து, 1958 ஏப்ரலில் ஓர் அறிக்கை அளித்தனர். அதன் பயனாக 1961-ஆம் ஆண்டில் பிறந்ததுதான் நம் அகமதாபாத்தில் பால்டியில் இருக்கும் தேசிய வடிவமைப்புக் கழகம். தொடக்க நாட்களில் அதை வழிநடத்தியவர்கள் இந்நகரத்து ஆலை அதிபர் குடும்பத்தைச் சேர்ந்த கௌதம் சாராபாயும், அவர் சகோதரி கீரா சாராபாயும் ஆவர்.

அந்த அறிக்கையில் வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. கோபுரங்களையும் அரண்மனைகளையும் பட்டையும் பொன்னையும் கண்டு திரும்பிய அவ்விருவரும், தாங்கள் இந்தியாவில் கண்ட பொருள்களுள் தலைசிறந்ததாகப் போற்றியது 'லோட்டா' என்னும் நீர்க்கலத்தையே. அதாவது நம்முடைய செம்பு! அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர்கள் நின்றுவிடவில்லை. இத்தகைய கலம் ஒன்றைப் புதிதாக அமைக்க வேண்டுமானால் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேள்விகளாகவே அடுக்கினார்கள். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? தூக்கும் கை எவ்வளவு பெரியது? தலையில் சுமப்பதா, இடுப்பில் சுமப்பதா? வெறுமையாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் பாரம் எங்கே நிற்கும்? ஊற்றும்போது நீர் எப்படி ஓடும்? துலக்குவது எளிதா? மற்றொரு பாத்திரத்தில் மோதினால் என்ன ஓசை எழும்? விலை என்ன? உடைந்தபின் அதன் உலோகத்துக்கு மதிப்பு உண்டா? இவ்வாறு நீண்டது அப்பட்டியல்.

அன்பர்கள் தங்கள் வீட்டுச் செம்பை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். வயிறு உருண்டிருக்கிறது. ஒரே அளவு நீரைக் கொள்ளும் கலங்களுள் உருண்டைக்கே மிகக் குறைந்த தகடு செலவாகும் என்பது கணிதம். செம்பைத் தட்டிய கன்னார் அந்தக் கணிதத்தை ஏட்டில் படித்தவரல்லர். உலோகத்தின் விலை அவருக்கு அதைக் கற்பித்தது. உட்புறத்தில் மூலை முடுக்கு இல்லாததால் அழுக்கு ஒண்டுவதற்கு இடமில்லை. வயிற்றுக்கு மேலே கழுத்து ஒடுங்குகிறது. ஆகவே நடக்கும்போது நீர் தளும்பிச் சிந்துவதில்லை. அந்த ஒடுக்கத்திலேதான் விரல்கள் வளைந்து பற்றுகின்றன. பற்றிய பிடி நழுவாமல் விளிம்பு தடுக்கிறது. வழிப்போக்கர்கள் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் இறக்கியதும் அந்தக் கழுத்தில்தான். ஒடுங்கிய கழுத்தாயினும், துலக்கும் கை உள்ளே போய் வர இடம் இருக்கிறது. விளிம்பு வெளிப்புறம் மலர்ந்திருப்பதால் நீர் கலத்தின் மேல் வழியாமல் ஒரே தாரையாக விழுகிறது. அண்ணாந்து குடிப்பதற்கு அதுவே துணை. மூக்கு இல்லை; ஆகையால் எந்தப் பக்கமும் ஊற்றலாம். வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் அது ஒன்றே. கைப்பிடி இல்லை, ஆகையால் ஒடிந்து விழ ஒன்றுமில்லை. குழாயடியில் வைத்தால், நீர் நிறைய நிறைய அதன் ஓசை மாறி உயர்வதைக் கேட்டு, திரும்பிப் பாராமலே குழாயை மூடிவிடலாம்.

இதில் எதை எடுக்கலாம்? எதைச் சேர்க்கலாம்? நான் பலமுறை முயன்று பார்த்திருக்கிறேன். ஒன்றை எடுத்தால் ஒரு பயன் குறைகிறது. ஒன்றைச் சேர்த்தால் ஒரு தொல்லை கூடுகிறது.

இத்துணை நுட்பமான கலத்தை வடித்தவர் யார்? பெயர் இல்லை. அப்படி ஒரு தனி மனிதர் இருந்திருக்கவே முடியாது என்பதுதான் ஈம்ஸ் தம்பதியர் கண்ட முடிவு. தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து செய்தது அது. வாஸ்னாவை அடுத்த விஷாலாவில், சுரேந்திர படேல் என்பவரின் முயற்சியால் 1981-ஆம் ஆண்டு பாத்திரங்களுக்கென்றே ஒரு காட்சிசாலை அமைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான கலங்கள் அங்கே சேர்க்கப்பட்டன. அவற்றைப் பார்த்து நடந்தபோது எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. ஒருவர் கழுத்தைச் சற்று உயர்த்தியிருக்கிறார். ஒருவர் அடியைச் சற்று அகட்டியிருக்கிறார். வாங்கிய பெண்மணி அடுத்த சந்தையில் வந்து, "போன தடவை செய்தது சாய்கிறது" என்று குறை சொல்லியிருப்பார். செய்தவர் அடுத்ததில் திருத்தியிருப்பார். அந்தக் குறைகூறலும் திருத்தமும் பல நூற்றாண்டுகள் நடந்தபின் எஞ்சிய வடிவமே நம் கையில் இருப்பது. செய்தவர் பாதி, புழங்கியவர் பாதி என்று சொன்னால் மிகையாகாது.

இங்கே என் தோல்வி ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்தாண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காக நீர்க்குடுவை ஒன்றை வடிவமைத்தேன். குளிர்ப்பெட்டியின் கதவில் அடங்கும்படி சதுரமான தோள், மெல்லிய கழுத்து, சிறிய வாய். படத்தில் பார்த்தவர்கள் அனைவரும் பாராட்டினார்கள். "காலத்தால் அழியாத அழகு" என்றுகூட ஒருவர் சொன்னார், நானும் நம்பினேன். ஆறு மாதம் கழித்து என் அக்காள் வீட்டுக்குச் சென்றபோது, கூடத்து மேஜையின்மீது அந்தக் குடுவை காகிதப் பூக்களைத் தாங்கி நின்றது!

"என்ன அக்கா இது?" என்றேன்.

"உள்ளே கை போகவில்லையடா. மூலையில் வழவழப்பாகப் பாசி பிடித்துவிடுகிறது. நீ செய்தது ஆயிற்றே, தூக்கிப் போட மனம் வரவில்லை. அதனால் பூ வைத்தேன்" என்றாள்.

அன்று நான் கற்ற பாடம் எந்தக் கல்லூரியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அக்குடுவையை நான் கண்ணால் மட்டுமே வடித்திருந்தேன். அதைத் தினமும் கழுவப் போகும் கை என் மேஜைக்கு அருகில் ஒருநாளும் வரவில்லை. அந்தக் கையை நான் கேட்டிருந்தால், படம் வரையும்போதே அது வேண்டாம் என்று சொல்லியிருக்கும்.

இந்தப் பிழை என் ஒருவனுடையது அன்று. 1930-களில் அமெரிக்காவில் ஒரு மோகம் பரவிற்று. காற்றை எதிர்த்து விரையும் விமானத்துக்கும் ரயிலுக்கும் நீர்த்துளி போன்ற வழவழப்பான உருவம் பொருத்தமானது, அது விஞ்ஞானம். ஆனால் அந்த உருவத்தைக் கண்டு மயங்கி, இருந்த இடத்தைவிட்டு அசையாத பண்டங்களுக்கும் அதையே அணிவிக்கலானார்கள். ரேமண்ட் லோவி என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் பென்சில் சீவும் கருவியையே நீர்த்துளி வடிவில் அமைத்துக் காட்டினார். பார்க்க அழகுதான். ஆனால் பென்சில் சீவும் கருவி எந்தக் காற்றை எதிர்த்து எங்கே பறக்கப் போகிறது? உள்ளிருந்து எழாமல் வெளியிலிருந்து போர்த்தப்பட்ட அழகு, போர்த்திய காலத்தின் முத்திரையைத் தாங்கி நிற்கும். அந்தக் காலம் போனதும் அதுவும் பழசாகிவிடும்.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டையும் காண்போம். வியன்னா நகரில் தொழில் நடத்திய மிக்கேல் தோனெட் என்பவர், பீச் மரத்தை நீராவியில் பதமாக்கி வளைத்து, 1859-ஆம் ஆண்டில் ஒரு நாற்காலி செய்தார். மொத்தம் ஆறே மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரையாணிகள், அவ்வளவுதான். துண்டு துண்டாகப் பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். கப்பலேறித் தொலைதூர நாடுகளுக்குச் சென்று, போன இடத்தில் திருகாணியை முடுக்கி உட்காரலாம். ஒரு கால் ஒடிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். விலையும் எளியது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் காப்பிக் கடைகளில் அந்த நாற்காலியைக் காண்கிறோம். அழகுக்காகச் செதுக்கிய பூவும் கொடியும் அதில் இல்லை. வளைந்த மரத்தின் வளைவே அதற்கு அணி.

இந்த நாற்காலியை எண்ணும்போதெல்லாம் எனக்கு நாச்சியார்கோயில் குத்துவிளக்கு நினைவுக்கு வரும். அதுவும் அப்படித்தானே? அடிப்பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் அமர்ந்த முகப்பு என நான்கு உறுப்புகள். ஒவ்வொன்றும் மரையால் திருகி இணைவது. துலக்கும்போது பிரிக்கலாம், துலக்கியபின் பூட்டலாம். ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களில் எத்தனை விளக்குகள் நான்கு துண்டுகளாகப் புடவை மடிப்புகளுக்கிடையே டிரங்குப் பெட்டியில் பயணம் செய்து, இந்நகரத்து வீடுகளில் மீண்டும் நிமிர்ந்து நின்றிருக்கின்றன! நீண்ட நாள் வாழும் பொருளுக்கு மூன்று இலக்கணம் என்று நான் சொல்வேன். கையோடு இணங்குவது ஒன்று. பழுது பார்க்க இடம் கொடுப்பது ஒன்று. தன்னைக் கொண்டவரோடு இடம் பெயர வல்லது ஒன்று.

நிற்க. பழையதெல்லாம் சிறந்தது, புதியதெல்லாம் தாழ்ந்தது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். ஆட்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள். நம் அன்னையர் அதன் எதிரே குந்தி அமர்ந்து தோள் நோக ஆட்டினார்கள். 1950-களில் கோயம்புத்தூரில் மின்சாரத்தால் மாவாட்டும் கிரைண்டர் உருவாயிற்று. பழைய முறையில் கல் நிற்கும், குழவி சுழலும். புதிய முறையில் கல் சுழலும், குழவி நிற்கும். எல்லாம் தலைகீழாக மாறிற்று; ஆனால் கல் மட்டும் மாறவில்லை. ஏன்? வேகமாகச் சுழலும் இரும்புக் கத்தி மாவைச் சூடாக்குகிறது. கல்லோ மெல்ல அரைத்துக் குளிர்ச்சியாக வைக்கிறது. மாவு நன்கு பொங்குகிறது. இட்டிலிக்கு வேண்டியது கல்லேயன்றி அன்னையின் தோள்வலி அன்று! எதை விடுவது, எதை விடாமல் பிடிப்பது என்று அறிந்ததே அந்தக் கருவியின் சிறப்பு.

செம்புக்கும் அதே நியாயம் பொருந்தும். பெயரைப் பாருங்கள்: செம்பு என்பது ஓர் உலோகத்தின் பெயர். செம்பினால் செய்ததனால் செம்பு எனப்பட்டது. பிறகு பித்தளையில் செய்தார்கள். அப்போதும் அது செம்பே. பின்னர் எவர்சில்வர் வந்தது. துருவேறாத அந்த எஃகை 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கினார். இன்று நம் வீடுகளில் இருப்பவற்றுள் பெரும்பாலானவை அந்த எஃகில் செய்தவை. இப்போதும் "ஒரு செம்புத் தண்ணீர் கொண்டு வா" என்றுதான் சொல்கிறோம்! உலோகம் இருமுறை மாறியும், வடிவமும் பெயரும் மாறவில்லை. பித்தளையைப் புளியிட்டுத் துலக்கிக் கை சிவந்தவர்களும், ஈயம் பூசுபவர் வரும் நாளை எதிர்நோக்கிக் காத்திருந்தவர்களும் எவர்சில்வரை வரவேற்றது குற்றமன்று, அது நியாயமே. காலத்தைக் கடந்தது உலோகம் அன்று. அந்தக் கழுத்தும் வயிறும் விளிம்பும்தான்.

மணிநகர் அம்மையாருக்கு விடை இப்போது கிடைத்துவிட்டது என்று கருதி, மறுவாரம் மீண்டும் சென்றேன். தராசுக்காரர் மறுமுறை வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். பாத்திரங்கள் அப்படியே இருந்தன.

"அம்மா, நான் சொல்வதைவிடச் செம்பே சொல்லட்டும். தண்ணீர் நிரப்பி உங்கள் பேத்தியிடம் கொடுங்கள்" என்றேன்.

பத்து வயதுச் சிறுமி. பிறந்ததும் படிப்பதும் இங்கேதான். பாட்டிலில் தண்ணீர் குடித்துப் பழகியவள். அவள் செம்பை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வலக்கையின் விரல்களால் கழுத்தைப் பற்றி, இடக்கையை அடியில் கொடுத்துத் தூக்கி, திண்ணையில் இருந்த தாத்தாவின் தம்ளரில் ஊற்றினாள். தரையில் ஒரு துளியும் சிந்தவில்லை. இப்படிப் பிடி என்று அவளுக்கு யாரும் கற்பிக்கவில்லை.

அம்மையார் புன்னகை செய்தார். "பாட்டி, இது நம் பாட்டிலைவிடக் கனமாக இருக்கிறது, ஆனால் ஊற்ற நன்றாக இருக்கிறது" என்று சிறுமி சொன்ன தீர்ப்பில், எங்கள் தொழிலின் கலைச்சொற்கள் யாவும் அடங்கிவிட்டன.

அந்த ஒரு செம்பு புதிய வீட்டின் சமையல் மேடைக்குப் போயிற்று. அலமாரியில் காட்சிக்கு வைக்கக் கூடாது, தினமும் புழங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள், அம்மையாரும் ஒப்புக்கொண்டார். புழங்காத பொருளுக்கு எத்தனை அழகு இருந்தாலும், என் குடுவையைப் போலப் பூ தாங்கும் வேலைதான் மிஞ்சும். தவலைகளும் குடங்களும் தராசேறின. நால்வர் வாழும் வீட்டுக்கு அவை தேவையில்லை. அவற்றை விற்றதில் வருந்துவதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பித்தளை உருகி மற்றொரு கலமாகட்டும்.

பெரிய அண்டா ஒன்று மட்டும் எடைக்குப் போகாமல் நம் சங்கத்துச் சமையற்கட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஐம்பது பேருக்குப் பொங்கல் வைக்கும் அளவினது. உள்ளே ஈயம் தேய்ந்திருக்கிறது. தைக்கு முன் பூசியாக வேண்டும். அந்தச் செலவை ஏற்க மனமுள்ள அன்பர்கள் காரியதரிசியிடம் தெரிவிக்கலாம்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுச் சமையலறைக்குள் ஒருமுறை சென்று பாருங்கள். நாள்தோறும் கை தானாகவே எதை நாடிச் செல்கிறது, எதைத் தொட்டு ஓராண்டு ஆயிற்று என்று எண்ணிப் பாருங்கள். காலம் அளிக்கப்போகும் தீர்ப்பு அங்கேயே உங்களுக்குத் தெரியவரும்.